முதலை அத்தானும் கோணக்காலியும்

எங்கள் அத்தானுக்கு முதலை என்று பெயர் வைத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. தெருவில் யாரைக் கேட்டாலும் அடுத்த வீட்டைக் கை காட்டுவார்கள். ஆனால் பெயர்ப் பொருத்தம் பிரமாதம். வேலை நாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவே தொங்குகிற ஆள். விடுமுறை என்றால் ஊருக்குப் பின்னால் இருக்கிற சேற்றுக்காட்டில் குப்புறப் படுத்துக் கிடப்பார். தாடை சேற்றில், கண் கேமராவில். பக்கத்தில் போய் நின்றாலும் அசைய மாட்டார். அப்படி ஒருமுறை பார்த்தவர்கள் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?

அக்கா அதற்கு வேறு காரணம் சொல்வாள். "மூர்க்கனும் முதலையும் கொண்டது விடான்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கு ரெண்டும் ஒரே ஆளா வாய்ச்சிருக்கு."

நான் அவளுடைய தங்கை. கடைத்தெருவில் ஃபோட்டோ பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். அத்தான் எடுத்த படமெல்லாம் என் கை வழியாகத்தான் காகிதத்துக்கு வந்தது. அதனால் அவரைப் புகழவும் எனக்கு உரிமை உண்டு, திட்டவும் உண்டு. இரண்டையும் குறைவில்லாமல் செய்து வருகிறேன்.

சேற்றுக்காடு என்றதும் பெரிய காடு என்று நினைத்துவிட வேண்டாம். கடைசித் தெருவைத் தாண்டினால் நிலம் தாழ்ந்து போகும். மழைத் தண்ணீர் அங்கே வந்து தங்கிவிடும். திட்டுத் திட்டாக முள்புதர், நடுவே கோரையும் புல்லும், கால் வைத்தால் உள்ளே இழுக்கிற சேறு. ஊருக்கு அது பாம்பும் கொசுவும் இருக்கிற இடம். அத்தானுக்கு அங்கே ஆர்க்கிட் இருந்தது.

கடைகளில் தொட்டியில் வைத்து விற்கிறார்களே, அந்த ஆர்க்கிட் இல்லை. இது தரையில் முளைப்பது. ஒரு சாண் தண்டு, அதில் வெளிர்பச்சையில் பூக்கள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. மழைக்காலம் முடிகிற நேரத்தில் கொஞ்ச நாள் தலை காட்டிவிட்டு மண்ணுக்குள் போய்விடும். கீழே கிழங்கு மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். உலகத்திலேயே சில இடங்களில்தான் இருக்கிறதாம். அதன் பெயர் ரயில் வண்டி நீளம் என்பதால் அக்கா அதைச் சக்களத்தி என்று சுருக்கினாள். "சக்களத்தியப் பாக்கப் போயிருக்காரு" என்றால் எங்கள் தெருவில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஒரே ஒருமுறை நானும் கூடப் போனேன். காலில் அட்டை ஏறியதும் ஊரைக் கூட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கத்தாத வாலு, பூ ஆடுது" என்றார். வாலு என்று அவர் கூப்பிடுவது என்னைத்தான். என் காலில் ரத்தம் போகிறது, இவருக்குப் பூ ஆடுகிறது! அன்றைக்கே கும்பிடு போட்டுவிட்டேன். ஆனால் அன்று பார்த்தது மறக்கவில்லை. படத்துக்கு மறைக்கிற புல்லை அவர் பிடுங்கவில்லை. அக்காவின் துணிக் கிளிப்புகளால் கொத்துக் கொத்தாகச் சேர்த்து ஓரமாக ஒதுக்கி வைத்தார். காற்று நிற்கும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்தார். படம் எடுத்ததும் ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றி, புல்லைப் பழையபடி பூவுக்கு முன்னால் நிமிர்த்திவிட்டு, தன் கால் தடத்தைத் தானே கலைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வந்தார். புல்லைப் பிடுங்கினால் வெயில் நேராகப் படுமாம், பூ திருடுகிறவன் கண்ணிலும் படுமாம். வீட்டுக் கொடியில் துணி மட்டும் பறக்கும், கிளிப் இருக்காது. அக்கா அதற்குத் தனியாகத் திட்டுவாள்.

வேலையிலும் அதே நிதானம்தான். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார். கதவில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, லிஃப்ட் நிக்குதுன்னா பிரேக் பிடிச்சிருக்குன்னு அர்த்தம், விழாது" என்று பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே அழுகை நின்ற பிறகுதான் வேலையைத் தொடங்குவார். இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு ஆளைக் கண்டால் மட்டும் கொதிப்பார். அது எருமைக்காரம்மா.

காட்டு ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு எருமை வளர்த்துப் பால் விற்கிற அம்மா அவர். எருமைகளைச் சேற்றுக்காட்டில்தான் மேய விடுவார். ஒரு மழைக்காலத்தில் அத்தான் மொட்டிலிருந்து காவல் காத்த ஒரு செடியை எருமை ஒன்று மிதித்துவிட்டது. முன்கால் உள்பக்கம் வளைந்து நடக்கிற எருமை அது. அத்தான் சேறும் கோபமுமாகக் கொட்டகை வாசலில் போய் நின்றார்.

"அந்தக் கோணக்கால் எருமைய முதல்ல கட்டிப் போடுங்கம்மா! அது மிதிச்ச பூ உலகத்துல எங்கயும் கெடைக்காது!"

"கோணக்காலியச் சொல்லாதீங்க. எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றார் அந்த அம்மா. "பூ வேணும்னா வீட்டுல தொட்டியில வளங்க. புல்லு முளைச்சா மாடு திங்கத்தான் செய்யும்."

காட்டுக்கு வேலி போட்டே தீர வேண்டும் என்று அன்று பிடித்தார் முதலை. நகராட்சி அலுவலகத்தின் எந்த நாற்காலி ஆடும், எந்த மின்விசிறி சுற்றாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. படங்களை எடுத்துப் போனார், பள்ளிக்கூடங்களில் பேசினார், அதிகாரி மாறினால் புது அதிகாரிக்கு முதலிலிருந்து ஆரம்பித்தார். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். கடைசியில் சேற்றுக்காட்டைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. எருமைகள் வெளியே, பூக்கள் உள்ளே. தெருவே அத்தானைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. நானும்தான். லிஃப்டுக்குக் கிரீஸ் தடவுகிற ஒரு ஆள் ஒரு பூவுக்காக அரசாங்கத்தையே அசைத்துவிட்டாரே என்று எனக்குக் கர்வம் தலைக்கேறி நின்றது. எருமைக்காரம்மா வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு மாடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மழைக்குப் பூ குறைந்தது. புல் இடுப்புயரம் நின்றது. அதற்கடுத்த மழைக்கு எங்கோ ஒன்றிரண்டு. அதற்கும் அடுத்த வருஷம் ஒன்றுகூட இல்லை.

அத்தான் யார் யாரையோ சந்தேகப்பட்டார். கிழங்குத் திருடர்கள் என்றார், வேலிக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்றார். புல்லை விலக்கி விலக்கித் தேடி உள்ளங்கையெல்லாம் கீறல். "வேலியே பயிர மேஞ்ச கதையா இருக்கு" என்று அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மனிதர் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சிக்குப் புதுக் கட்டடம் வந்தது. வேலி போட்ட பெருமைக்காக வாசல் கூடத்தில் அந்தப் பூவின் பெரிய படம் ஒன்றை மாட்ட வேண்டும் என்றார்கள். சுவரோ அகலமானது. அத்தானின் படங்களெல்லாம் குறுகலாக, பூ மட்டும் நிற்கும்படி வெட்டியவை. அவருக்குப் படம் சுத்தமாக இருக்க வேண்டும். சேற்றில் ஒரு குழியோ சாணிப் பொட்டோ தெரிந்தால் போதும், "வாலு, அந்த மூலைய வெட்டு" என்பார். வருஷக்கணக்காக அவர் சொல்ல நான் வெட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அகலமாக வேண்டும் என்பதால் வெட்டாத மூலப்படத்தைத் திறந்தேன். அத்தான் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் பூவுக்குக் கீழே ஒரு குளம்புக் குழி. அதில் கொஞ்சம் தண்ணீர். குழியின் விளிம்பில்தான் தண்டு முளைத்திருந்தது.

"இன்னொன்னு தொற" என்றார்.

அதிலும் குழி. அதற்கு முந்தின வருஷப் படத்திலும் குழி. ஒன்றில் இரண்டு செடிகள், இரண்டும் ஒரே குழியின் கரையில். திறக்கத் திறக்க அதேதான். குழி இல்லாத படம் ஒன்றுகூட இல்லை. நான் கையை எடுத்துவிட்டேன்.

"எருமை புல்லத் தின்னுச்சு, வெயில் கீழ எறங்குச்சு" என்றார் அத்தான், யாரிடமோ சொல்வது போல. "கால் வெச்ச எடத்துல மண்ணு தொறந்துச்சு. தூசி மாதிரி விதை அது, வேற எங்க போய் ஒட்டும்? நான் மாட்ட வெளிய தள்ளி, புல்லுக்கு வேலி போட்டிருக்கேன் வாலு. ஒவ்வொரு படத்துலயும் குழி இருந்திருக்கு. நான்தான் வெட்டச் சொன்னேன்."

கடைக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு கணக்குச் சொன்னார். கிழங்கு ஒரு வருஷம் தூங்கும், இரண்டு வருஷமும் தூங்கும். அதற்கு மேல் தாங்குமா என்பது தெரியாது. இந்த வருஷத்துக்குள் புல் குறைந்து மண் திறக்காவிட்டால் பூ போனது போனதுதான்.

யாராக இருந்தாலும் நேராக எருமைக்காரம்மாவிடம் போயிருப்பார்கள். அத்தான் போகவில்லை. பழைய லிஃப்டின் பிரேக் கட்டையை அறுத்து, இரும்பில் ஒரு எருமைக் குளம்பு செய்தார்! அதை ஒரு கழியின் நுனியில் பூட்டி, சேற்றில் குத்திக் குத்திக் குழி போட்டார். புல் அறுக்க அக்காவும் நானும். நான் கும்பிடு போட்டுவிட்டு வந்த காட்டுக்கே மறுபடியும் போனேன், என் தலையெழுத்து. அக்கா வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அறுத்து முடிப்பதற்குள் மறுபக்கம் புல் துளிர்த்தது. இரும்புக் குழிகள் மறுநாளே மூடிக்கொண்டன.

அக்கா அரிவாளைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "என்னங்க, நீங்க எருமையாவே மாறினாலும் மாறுவீங்க, எருமைக்காரம்மாகிட்டப் போய் ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. அப்படித்தானே?"

அவர் இரும்புக் குளம்பைச் சேற்றிலிருந்து பிடுங்கித் துடைத்தார். துடைத்ததை மறுபடி சேற்றிலேயே போட்டார். அன்று சாயங்காலம் கடைக்கு வந்து, "அந்தப் பழைய படம் ஒன்ன வெட்டாம அப்படியே போட்டுக் குடு. நீயும் கூட வா" என்றார்.

கொட்டகையில் எருமைக்காரம்மா சாணி அள்ளிக்கொண்டிருந்தார். முன்னைவிட மாடுகள் குறைவு என்பது எனக்கே தெரிந்தது. அத்தான் வாசலிலேயே நின்றார். பால் வாங்க வந்தவர்கள் சிலர் பாத்திரத்தோடு நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருப்பார் என நினைத்தேன். காத்திருக்கவில்லை.

"அம்மா, நான் பண்ணினது தப்பு" என்றார், எல்லார் காதிலும் விழும்படி. "உங்க மாடு பூவ அழிக்கல. அதுங்களாலதான் பூ இருந்துச்சு. தெரியாம வெரட்டிட்டேன். மறுபடி மேய விடுங்கன்னு கேக்க வந்திருக்கேன்."

ஊர் முழுக்கத் தன்னைப் பாராட்டிய காரியத்தை, அதே ஊரின் நாலு பேர் முன்னால், தப்பு என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? நானாக இருந்தால் வேலியையே குறை சொல்லியிருப்பேன், கம்பி விற்றவனையும் சேர்த்து.

எருமைக்காரம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். பூவைப் பார்க்கவில்லை. விரல் நேராகக் குழிக்குப் போனது. குழியின் ஒரு பாதி உள்பக்கமாகத் திரும்பியிருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

"இது கோணக்காலி" என்றார்.

குழியின் விளிம்பை விரலால் தடவினார். "வேலி வந்தப்புறம் மேய்ச்சலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டியிருந்துச்சு. அவளால நடக்க முடியல. வித்துட்டேன். கறவை நின்ன மாட்ட வளக்கவா வாங்குவாங்க?"

படத்தை அத்தான் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தான் நின்ற இடத்திலேயே நின்றார். திரும்பி வரும் வழியெல்லாம் படத்தைச் சட்டைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்.

சும்மா இருந்தாரா என்றால் இல்லை. மறுநாளே நகராட்சிக்குப் போனார். அதிகாரி சிரித்த சிரிப்பு கீழ்த்தளம்வரை கேட்டதாம். "வேலி வேணும்னு எங்க உயிர எடுத்தீங்க. இப்ப அதுல ஓட்டை வேணுமா?" தெருவில் கேலி வேறு. "முதலை இப்ப எருமைக் கட்சிக்கு மாறிடுச்சு" என்றார்கள். அத்தான் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா, மாறிட்டேன்" என்பார். கூடத்தில் மாட்டக் கேட்ட படத்தையும் குழியோடுதான் கொடுத்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் குழியைக் காட்டித் தன் தவற்றைத் தானே விளக்கினார். ஒருவழியாக அனுமதி வந்தது. எருமை நுழைகிற அகலத்தில் இரும்புக் கதவைத் தன் கையாலேயே செய்து வேலியில் பூட்டி, அதன் சாவியைக் கொண்டுபோய்க் கொட்டகை ஆணியில் மாட்டினார். எருமைக்காரம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நாட்கள் போயின. கதவு பூட்டியே கிடந்தது. அத்தான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு பார்வை, வரும் வழியில் ஒரு பார்வை. அக்கா என்னிடம் ரகசியமாக, "அந்தம்மா காலுல நான் வேணா போய் விழவா?" என்று கேட்டாள். சக்களத்திக்காக! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பிறகு ஒரு காலையில் கதவு திறந்திருந்தது. உள்ளே இடுப்புயரப் புல்லுக்கு நடுவே கறுப்பு முதுகுகள். எருமைக்காரம்மா கழியை ஊன்றி நின்றார். ஓடி வந்த அத்தானைப் பார்த்ததும், "புல்லுக்காக வந்தேன். உங்க மூஞ்சிக்காக இல்ல" என்றார். தன் காலடியில் சேற்றில் கிடந்த இரும்புக் குளம்பைக் கழியால் புரட்டிப் பார்த்தார். "இது என்ன?"

அத்தான் அசட்டுச் சிரிப்போடு, "எருமைக் கால்" என்றார்.

"இதுவா? எந்த எருமைக்கு இப்படிக் காலு இருக்கும்? ஆட்டுக்கே இதவிடப் பெருசா இருக்கும்!" அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த மழைக்காலம் முழுக்க எருமைகள் மேய்ந்தன, மிதித்தன, புரண்டன. அத்தான் சேற்றில் தேடித் தேடி வெறுங்கையோடு வந்தார். மழை ஓயப் போகிறது, இனி இல்லை என்று அக்காவும் நானும் மனதைத் தேற்றிக்கொண்ட சமயத்தில் கடைக்கு ஃபோன் வந்தது. முதலில் மூச்சுத்தான் கேட்டது. பிறகு, "வாலு... ஒன்னு இருக்கு" என்றார்.

கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். ஒரு சாண் தண்டு, சில மொட்டு, சில பூ. புதுசாக விழுந்த ஒரு குழியின் ஓரத்தில் நின்றிருந்தது. அத்தான் வழக்கம்போலக் குப்புறக் கிடந்தார். புல் ஒதுக்கக் கிளிப் தேவைப்படவில்லை, எருமைகளே ஒதுக்கி வைத்திருந்தன. ஒரு எருமை அவர் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்று மூச்சு விட்டது. பூ ஆடியது. எருமை தள்ளிப் போகும்வரை அவர் காத்திருந்தார். நானாக இருந்தால் கத்தாதே என்றிருப்பார்!

எருமைக்காரம்மா வந்து குனிந்து பார்த்தார். "இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார். பிறகு குழியைப் பார்த்தார். "இது கோணக்காலியோட மக. இவளுக்குக் காலு நேரா இருக்கும்."

எழுந்து நின்ற அத்தானிடம், முகத்தைப் பார்க்காமல், மாடுகளைப் பார்த்தபடியே கேட்டார். "அன்னைக்குக் கொண்டாந்தீங்களே ஒரு படம். அது எனக்கு வேணும்."

"இன்னைக்கே தரேம்மா."

"அப்படியே வேணாம். அந்தப் பூவ வெட்டிடுங்க. என் கோணக்காலி காலு மட்டும் போதும்."

அன்று மாலை அத்தான் சேறு காயாத சட்டையோடு கடைக்கு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். படத்தைத் திறந்தேன். அவர் எடுத்ததிலேயே ஆகச் சிறந்த படம் அது. ஒவ்வொரு இதழின் நரம்பும் தெரியும். வெட்டுவதற்குக் கட்டம் போட்டேன், கை வரவில்லை. "பூவோட போட்டுக் குடுத்தா அந்தம்மா வேணாம்னா சொல்லப் போறாங்க அத்தான்?" என்றேன்.

"தள்ளு" என்றார். என் கையிலிருந்து மௌஸை வாங்கிக் கட்டத்தை நகர்த்தினார். பூ போயிற்று, தண்டு போயிற்று. சேறும், கொஞ்சம் தண்ணீரும், ஒருபக்கம் திரும்பிய குளம்பின் தடமும் மட்டும் திரையில் நின்றன. ஓரத்தில் ஒரு இதழின் நுனி ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்து வெட்டினார்.

"இருக்கிறதுலயே நல்ல சட்டமா மாட்டு" என்றார்.